கடைசிப் பக்கம் கிழிந்த படம்

என் வாழ்நாளில் நான் மிக உறுதியாகச் சிபாரிசு செய்த படங்கள் எல்லாம் நான் பார்க்காத படங்கள். பார்த்த படத்தைப் பற்றிப் பேசும்போது நடுவில் கொஞ்சம் தொய்வு, முடிவு அவசரம் என்று நியாயம் பேசத் தோன்றிவிடும். பார்க்காத படத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எண்பதைத் தாண்டிய பிறகு இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் மிச்சமில்லை. வருத்தம் கொஞ்சம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். பதுளையில் ஆங்கிலத்தில் படித்தவன், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவன், தமிழ்ப் படம் என்றால் உதட்டைச் சுழிப்பவன். (இரண்டாவது பேனாவில் மை இருந்ததில்லை.)

என் ஹாலிவுட் ஞானத்தின் ஊற்று துரை பங்களாவின் சமையற்கட்டு. துரை சீமையிலிருந்து வரவழைத்த பழைய சினிமாப் பத்திரிகைகளைச் சமையல்காரர் அடுப்பு மூட்ட வைத்திருப்பார். அவர் எரித்தது போக மிஞ்சியதை நான் வாங்கி வந்து படிப்பேன். ஒவ்வொரு படத்தின் கதையும் அதில் விரிவாக இருக்கும். ஒரே குறை, அவர் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் கிழிப்பார். ஆகவே முப்பது, முப்பத்தைந்து ஹாலிவுட் படங்களின் முக்கால் கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். மீதிக் காலை நானே போட்டுக்கொள்வேன். என் கைவசம் இருந்த முடிவு ஒன்றுதான்: இருவரும் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழ்ந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார். ரதி அழுது மன்றாடுவாள். மூன்றாம் நாள் காலையில் காமனை எழுப்புவார்கள். எழுப்பிய பிறகுதான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பலகாரம், சிரிப்பு, புதுத்துணி. அன்று அரை நாள் லீவு. மத்தியானம் ஒரு படம் காட்டுவதும் வழக்கம். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியைக் காலிசெய்து, பெண்கள் மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்குகளைக் கழற்றி ஜன்னல்களில் தொங்கவிட்டால் அதுதான் எங்கள் தியேட்டர்.

படம் கொண்டுவருபவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஜுனைதீன் நானா. அந்த வருஷம் அவரிடமிருந்த ஒரே தமிழ்ப் படத்தை வேறொரு தோட்டம் முந்திக்கொண்டது. மூடிப்போன துரைமார் கிளப் ஒன்றிலிருந்து அவர் வாங்கிப்போட்டிருந்த நாற்பது சொச்சம் ஆங்கிலப் படங்கள்தான் மிச்சம். அவர் அவற்றைத் திறந்தும் பார்த்ததில்லை. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களைத் தாளில் எழுதி அனுப்பியிருந்தார்.

எந்தப் படம் என்று முடிவுசெய்யக் கோயில் கொட்டகையான மடுவத்தில் கூட்டம். நான் தாளை வாங்கி, ஒரு பெயரில் விரலை வைத்தேன்.

"இது உலகத்தரமான படம். மலை ரயில் ஓட்டுற ஒரு இன்ஜின் டிரைவர், ஸ்டேஷன்ல தந்தி அடிக்கிற ஒரு பொண்ணு. நம்ம பதுளை லைன் மாதிரியே மலை, சுரங்கம் எல்லாம் இருக்கு. இதைப் பாக்காதவங்க படமே பாக்காதவங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா மாஸ்டர்?" என்று தோட்டத்துத் தலைவர் கேட்டார்.

"ரெண்டு தடவை," என்றேன். ஒரு தடவை என்று சொல்லியிருந்தால் பாவம் பாதியாகியிருக்கும்.

எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது முத்தையா எழுந்தான். அந்த வருஷம் காமன் வேஷம் கட்டுபவன் அவன்தான். அவனுக்கும் ராசம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. இப்போது அவள் நிறைமாதம். இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டுதான் அவன் வேஷம் கட்டினான். காமன் எழும்பிய நாளில் வேஷக்காரனின் கண்ணில் சாவு படக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு.

"மாஸ்டர், படத்துல சாவு கீவு எதுவும் வராதுங்களே? ராசம்மாவும் வந்து உக்காருவா."

பத்திரிகையின் கடைசி வரி என் கண்முன் நின்றது. பிரேக் அறுந்த ரயிலைக் காப்பாற்ற அவன் இன்ஜினில் தாவி ஏறுகிறான். அதற்கு மேல் அடுப்புக்குப் போய்விட்டது. ஏறியவன் இறங்கித்தானே ஆக வேண்டும்?

"சாவா? கடைசியில கல்யாணம் முத்தையா. காமன் சாமி மேல சத்தியம்."

சாமியை நான் ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் வந்தது, காலையில் காமனை எழுப்பியாயிற்று. முத்தையா முகத்தில் பூசிய வர்ணத்தோடும் தலையில் ஜிகினாக் கிரீடத்தோடும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ராசம்மா, வயிற்றின்மேல் கையை வைத்தபடி. மாடி முழுக்கச் சனம். தப்பு அடிப்பவர்கள் தோளில் தப்போடு சுவரோரம் நின்றார்கள். நான் ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். வசனத்தை மொழிபெயர்ப்பது நான்.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் ஓர் உண்மை தெரிந்தது. எனக்கு அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியவில்லை. பதுளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வரும். இவர்களோ சொற்களைப் பாதி மென்று மீதியை மூக்கு வழியாக விட்டார்கள். சுருட்டுப் பிடித்த ஒருவர் டிரைவரிடம் ஒரு நிமிஷம் பேசினார். நான் குழாயை எடுத்தேன்.

"இவர்தான் ரயிலுக்குக் கணக்கப்பிள்ளை. 'நேத்து ஏன்டா லேட்டு? அரைப்பேருதான் போடுவேன்'ங்கிறாரு."

மாடி கொதித்தது. அரை நாள் சம்பளம் போடும் கணக்கப்பிள்ளையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "வெளங்குவானா அவன்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எனக்குத் துணிச்சல் வந்தது. தந்திப் பெண்ணுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன், சீர்வரிசைத் தகராறு ஒன்றை உண்டாக்கினேன், வெள்ளைக்காரப் பாதிரியாரைத் தாய்மாமன் ஆக்கினேன். டிரைவர் அவளுக்கு ஒரு பூவைக் கொடுத்தபோது பெண்கள் வரிசை பெருமூச்சு விட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் என் வாழ்க்கையின் உச்சம். ஜுனைதீன் நானாகூட வேனுக்குப் போய்த் தூங்காமல் படம் ஓட்டும் மெஷின் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசி ரீல் வந்தது.

பிரேக் அறுந்தது. அவன் தாவி ஏறினான். மாடி முழுதும் எழுந்து நின்று "புடி! புடி!" என்றது. ரயில் நின்றது, சனங்கள் பிழைத்தார்கள். புகை விலகியபோது டிரைவர் தண்டவாளத்தின் ஓரம் மல்லாந்து கிடந்தான். தந்திப் பெண் ஓடி வந்து அவன் நெஞ்சில் விழுந்து அழுதாள்.

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. குழாயை எடுத்தேன். "களைப்பு. கொஞ்சம் கண் அசந்துட்டாரு."

திரையில் ஒருவர் வந்து அவன் முகத்தில் துணியைப் போர்த்தினார். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார்.

கொழுந்து பறிக்கும் மாரியாயி சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளும் ஜாதி இல்லை. "ஏங்க மாஸ்டர், தூங்குறவன் மூஞ்சில துணியப் போட்டு, தாய்மாமன் எதுக்குங்க பொஸ்தகம் வாசிக்கிறாரு?"

படம் முடிந்து வெள்ளைத் திரை மட்டும் நின்றது. ஜன்னலில் ஒரு படங்கு கழன்று விழுந்து வெயில் உள்ளே வந்தது. எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முத்தையா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். வர்ணத்தின்மேல் கண்ணீர் கோடு போட்டிருந்தது. "காலையிலதானுங்க நான் எந்திரிச்சேன். சத்தியம் பண்ணுனீங்களே மாஸ்டர்."

ஓடிவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தேன். படிக்கட்டில் தலைவர் நின்றார்.

அப்போதுதான் ராசம்மா பேசினாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், மலையில் அடுத்த நிரையில் நிற்பவளைக் கூப்பிடும் குரலில் பேசினாள்.

"அழுவாத மனுசா. இன்னைக்கு எழுப்புற நாளுதானே? எழுப்பச் சொல்லு."

"யாரை?" என்றேன்.

"அந்த டிரைவரத்தான். செத்தவன எழுப்பாம நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன். இங்கேயே பெத்துக்குவேன். மாஸ்டரே பிரசவம் பாக்கட்டும்."

நான் ஜுனைதீன் நானாவைப் பார்த்தேன். "மவுத்தாப்போனவன நான் எப்புடி மாஸ்டர் எழுப்புற?" என்று கையை விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது. மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு சுவிச்சு இருக்கு. போட்டா பின்னால ஓடும். ஆனா சத்தத்த வெக்க ஏலாது, பேய் கத்துற மாதிரி வரும்."

"சத்தம் எங்ககிட்ட இருக்கு," என்றார்கள் தப்பு அடிப்பவர்கள்.

படங்கை மறுபடியும் மாட்டினார்கள். சுவிட்ச் விழுந்தது.

பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்து போனார். முகத்துத் துணி தானாக எழும்பியது. அந்தப் பெண்ணின் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குள் ஏறியது. காலையில் காமனுக்கு அடித்த அதே எழுப்பு அடியைத் தப்புக்காரர்கள் எடுத்தார்கள். முத்தையா கிரீடத்தைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய், "எந்திரிப்பா! எந்திரி!" என்று கத்தினான். முந்நூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். நானும் கத்தினேன், குழாய் வழியாக.

டிரைவர் எழுந்தான்.

நல்ல அழகாக, ஒரு தூசி ஒட்டாமல், தரையிலிருந்து குதித்து எழுந்து இன்ஜினுக்குள் பறந்து போனான். புகையெல்லாம் புகைபோக்கிக்குள் திரும்பியது. பதுளையோடு தண்டவாளம் முடிந்து திரும்பும் வண்டியைப் போல ரயில் வந்த வழியே ஓடியது. குலவைச் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானா நிறுத்தப் போனார், விடவில்லை. ரீலை மாற்றிப் பூக் கொடுத்த இடம் வரைக்கும் ஓட்டச் சொன்னார்கள். அங்கே அவன் கொடுத்த பூவை அவளே அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"போதும் நானா, நிப்பாட்டுங்க," என்றாள் ராசம்மா. "ஆளு நல்லாயிட்டான்." இரண்டு பெண்கள் கைகொடுக்க, சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

தோட்டத்துக்கு அது வெற்றி. நான் மட்டும் மறுநாள் அவர்கள் லயத்து வாசலில் போய் நின்றேன். படத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். அடுப்பு, கிழிந்த பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன்.

ராசம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பாக்காமயா சாமி மேல கையடிச்சீங்க? போங்க. போயி அந்த நானாகிட்ட இருக்குற அம்புட்டுப் படத்தையும் கடைசி வரைக்கும் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தத் தோட்டத்துல சினிமாவப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது."

பதினொரு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பதினொரு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழந்தை தங்காமல் போயிருந்தால் இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருக்கவே மாட்டேன். படத்துக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் கேட்கலாம். சம்பந்தம் என் சத்தியம்தான். குழந்தைக்கு ரதி என்று பெயர் வைத்தார்கள்.

தண்டனையை முழுதாக அனுபவித்தேன். ஒன்றரை வருஷம், லீவு நாளெல்லாம் பதுளைக்குப் பஸ் ஏறி, நானாவின் கடைப் பின்னறையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, நாற்பது சொச்சம் படங்களையும் கடைசிக் காட்சி வரைக்கும் பார்த்தேன். மூக்கால் பேசும் ஆங்கிலம்கூட மெல்லப் புரிந்தது. அந்த ரயில் படத்தை முதலிலும், ஆங்கிலம் புரிந்த பிறகு கடைசியிலும் போடச் சொன்னேன். பாதிரியார் தாய்மாமன் இல்லை என்பது தெரிந்தது. மற்றபடி, வாயடைக்கும் அளவுக்கு அருமையான படம். பார்க்காமல் சொன்னதிலேயே உண்மையாகிப்போன ஒரே சிபாரிசு அது.

இப்போது யார் கேட்டாலும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சொல்வேன், பார்த்ததை மட்டும். ரதி பதுளையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். நான் எந்தப் படத்தைச் சொன்னாலும், என் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பழகிவிட்ட அதே கேள்வியைத்தான் அவளும் கேட்பாள்: "ஆளு எழும்புவானா மாமா?"

போன மாதம் போனில் ஒரு படம் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டாள். இந்த வயதில் இன்னொரு பொய் வேண்டாம் என்று, "எழும்ப மாட்டான்மா," என்றேன்.

"பரவாயில்ல மாமா. சுவிட்ச் இப்ப நம்ம கையிலதானே இருக்கு," என்றாள் ரதி.