கண்ணாடிக்கடைக்காரர் மூடிய ஜன்னல்

விறகு இல்லை, தீக்குச்சி இல்லை. மார்பில் பற்றி நெற்றிவரை எரியும். துணி நனைந்ததும் தானே அணையும். அது என்ன?

தெரியாவிட்டால் ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களைக் கேளுங்கள். மாதவிலக்கு நின்றபின் திடீர் திடீரென்று வரும் உடம்புச் சூடு அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவிக்கு அது வந்தபோதெல்லாம் படுக்கையறை ஜன்னல் திறந்தது. ஜன்னல் திறந்தபோதெல்லாம் கடைக்காரர் தும்மினார்.

ஆயுள் முழுக்கத் தும்ம முடியாது என்று முடிவெடுத்து, ஒரு நாள் சோயா மாத்திரை டப்பாவோடு வந்தார். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்று ஒன்று இருக்கிறது, உடம்பில் குறைந்த ஹார்மோனின் வேலையை அது கொஞ்சம் செய்யும், சூடு தணியும் என்று மனைவிக்கும் பத்து வயது மகளுக்கும் விளக்கினார். மருந்துக்கடையில் சொன்னது 'சிலருக்குத் தணியலாம்' என்பது. அந்தச் 'சிலருக்கு' வரும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

மனைவி மறுபேச்சில்லாமல் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

கடையில் கண் சோதிக்கும்போது அவர் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னதா, இதுவா?" என்று கேட்பார். அதே பழக்கத்தில் தினமும் காலையில் மனைவியைக் கேட்டார்.

"நேத்தா, இன்னைக்கா?"

"இன்னைக்குத் தேவலைங்க."

தும்மலும் நின்றது. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு மாலை, ஜன்னலை ஆணியடித்தே மூடிவிடலாம் என்று சுத்தியலோடு வந்தார். மனைவி டப்பாவை நீட்டினாள். சீல் உடையவில்லை.

"ஒண்ணுகூட முழுங்கலையா?"

"மார்ல கட்டி எடுத்தவ நான். டாக்டரைக் கேட்டேன். ஹார்மோன் வேலை செய்யற எதுவும் உங்களுக்கு வேண்டாம், காத்தோட்டமாத் தூங்குங்கன்னாங்க."

"ஜன்னல் மூடித்தானே இருந்துச்சு?"

"நீங்க தூங்கினதும் திறப்பேன். கம்பளியை உங்க காதுவரைக்கும் இழுத்துவிடுவேன். விடியறதுக்குள்ள மூடிடுவேன்."

கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். அந்தக் கட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க நின்றவர் அவர்தான். மாத்திரை வாங்கும்போது தும்மல் மட்டும்தான் நினைவில் இருந்தது.

"அப்ப தினம் தேவலை தேவலைன்னியே?"

"எப்படி இருக்கேன்னு நீங்க தினமும் கேட்டது இந்த மாசம்தாங்க. நிறுத்திடுவீங்களோன்னு பயம்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கதவருகே நின்ற மகளைப் பார்த்து, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, நீயே சொல் என்றார்.

மகள் ஜன்னலைத் திறந்தாள். அன்று இரவு அப்பாவின் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா பக்கத்தில் படுத்தாள்.