ஐந்தாவது டிராக்டர்

எனக்குக் கோபம் அதிகம். தப்பு என்னுடையதாக இருந்தால் இன்னும் அதிகம். (என் மனைவி கவிதா இந்த வரியைப் படித்துவிட்டு, "மொத தடவையா உண்மைய எழுதியிருக்கீங்க" என்றாள்.) அந்தக் கண்காணிப்பு மென்பொருளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். பூலாம்பாடிக்காரனான எனக்கு ஒரு சர்க்கரை ஆலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களை எடைமேடையில் நிறுத்தினால் எடை நேராக என் சர்வருக்கு வரும். சர்வர் படுத்தால் எடைமேடையும் படுத்துவிடும், டிராக்டர்கள் மெயின் ரோடு வரை நிற்கும். வெட்டிய கரும்போ வெயிலில் நிற்க நிற்கக் காய்ந்து எடை குறையும். அதனால் சர்வர் படுப்பதற்கு முன்பே எச்சரிக்கும் ஒரு மென்பொருளை வாங்கி, நான் நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும் நிர்வாகத் திரையோடு இணைக்கச் சொன்னார் மேலாளர்.

"எச்சரிக்கை மட்டும் வந்தாப் போதும்ப்பா" என்றார்.

எனக்குப் போதவில்லை. அந்த மென்பொருள் ஒரு மாதம் சர்வரைக் கவனிக்கும். எவ்வளவு வேலை வந்தால் வழக்கம் என்று தானே கற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஆபத்து என்று சொல்லும். 'ஆபத்து வந்தால் சர்வரைத் தானாகவே நிறுத்தி மறுபடி தொடங்கவும்' என்று ஒரு கட்டமும் இருந்தது. (கட்டத்தைப் பார்த்து டிக் அடிக்காமல் விடுகிற பரம்பரை இல்லை நாங்கள்.) அடித்தேன்.

அந்த வாரமே திருமானூரில், கரும்பு விவசாயியான மாமனார் வீட்டில் விருந்து. சோற்றைப் பிசைந்துகொண்டே அளந்து விட்டேன்.

"இந்த வருஷம் வரிசையே இருக்காது மாமா. எல்லாம் நம்ம கண்ட்ரோல். மொத நாளே வெட்டி அனுப்புங்க."

பத்து நாள் கழித்து வெட்டலாம் என்றிருந்த மனிதர். மாப்பிள்ளை சொல்கிறாரே என்று முதல் நாளுக்கே ஆலையில் வெட்டு உத்தரவு கேட்டு வாங்கி, ஆள் விட்டு வெட்டிவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் ஆலையில் அந்த வருஷத்துக் கரும்பு அரவை தொடங்கியது. காலையில் பூஜை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். நான்கு டிராக்டர்கள் மளமளவென்று எடை போட்டு உள்ளே போயின. ஐந்தாவது ஏறியது. திரை முழுக்கச் சிவப்பு. 'இயல்புக்கு மாறான நெரிசல்' என்றது. சர்வர் அணைந்தது.

எவனோ வெளியிலிருந்து சர்வரைத் தாக்குகிறான் என்று முடிவு கட்டினேன். இணைய வயரைப் பிடுங்கினேன். எடைமேடையில் இருந்த செல்வராசு அண்ணன் மேல் பாய்ந்தேன்.

"யாருகிட்ட பாஸ்வேர்டச் சொன்னீங்க?"

"எனக்கே நீங்க சொல்லலியே சார்!"

சர்வர் திரும்ப எழுந்திருக்கக் கால் மணி நேரம். மறுபடி நான்கு வண்டி, மறுபடி சிவப்பு. எலக்ட்ரீஷியனைத் திட்டினேன், யூ.பி.எஸ்.ஸை உதைத்தேன். (கட்டை விரல் நகம் போனதுதான் மிச்சம்.) மூன்றாவது முறை செல்வராசு அண்ணன் மெதுவாக, "சார், நானும் பாத்துட்டேன், அஞ்சாவது வண்டி ஏறுனாதான் போவுது" என்றார்.

"வாய மூடிட்டு இருங்கண்ணே!" என்று கத்தினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

உச்சி வெயிலில் தலையில் துண்டோடு மாமனார் வந்து கதவருகே நின்றார்.

"மாப்ள, வரிசையே இருக்காதுன்னீங்களே. நம்ம வண்டி அம்பத்தி மூணாவதா நிக்கிதுங்க. கரும்பு காயிது."

"நான் என்ன மாமா பண்றது? இது ஒரு மாசம் பாத்து, எது வழக்கம்னு கத்துக்கிட்ட மெஷினு. அதுக்கு மேல போனாத்தான் நிறுத்தும். சும்மா நிறுத்தாது!"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "எந்த மாசம் பாத்துச்சு?"

"ஐப்பசி."

"ஐப்பசில ஆலை எங்க மாப்ள ஓடுச்சு?"

திரையில் ஐப்பசிக் கணக்கைத் திறந்தேன். ஐப்பசியில் எடைமேடை ஏறியவை மொத்தம் பழைய இரும்பு ஏற்றிய ஒரு லாரியும், பொழுது போகாமல் தன் எடையைப் பார்க்க ஏறிய செல்வராசு அண்ணனும்தான். பாவம் மென்பொருள், அதுதான் இந்த ஆலையின் வாழ்க்கை என்று நம்பிவிட்டது. முதலில் சிரித்தது செல்வராசு அண்ணன். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

டிக்கை எடுத்தேன். ஒரு நொடி வேலை. அதன் பிறகு ஒரு வண்டிகூட நிற்கவில்லை. ஆனால் மாமனாரின் டிராக்டர் மேடை ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது, கரும்பு வாடி நிறம் மாறியிருந்தது. எடைச்சீட்டைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "டீ சாப்டலாம் வாங்க மாப்ள" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் பொங்கலுக்குப் போனோம். வீடு நிறையச் சொந்தம். டி.வி. ரிமோட்டைக் காணவில்லை என்று நான் போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிப்போனது. மாமனார் கரும்பைக் கடித்தபடி மகளைப் பார்த்துச் சொன்னார்:

"ஒன்னும் சொல்றதுக்கு இல்லம்மா. அந்த மெஷினு பண்ண தப்பத்தான் நானும் பண்ணிட்டேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மனுசன் காப்பியக் குடிச்சிட்டு கம்முனு உக்காந்திருந்தாரு. அதான் இவரு வழக்கம்னு நம்பிட்டேன்."

கூடம் வெடித்தது. இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால் கவிதா சண்டைக்கு வருவதில்லை. "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்கிறாள். இப்போது என் மகளும் கேட்கிறாள். கேள்வி சரியானது என்பதால் இன்னும் கோபம் வருகிறது.