ஏழாம் டோக்கனின் பெயர்

காத்திருப்போர் கூடத்துத் திரையில் ஏழாம் டோக்கனுக்கு நேரே நாலு கேள்விக்குறி நின்றது. அதற்கு மேலே இருந்த ஆறு குழந்தைகளுக்கும் ஒழுங்காகப் பெயர் இருந்தது.

"மாப்ள, இது என்ன கூத்து?" என்றார் டாக்டர்.

டாக்டர் இந்த மாப்பிள்ளையின் மனைவிக்கு அண்ணன். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்த தங்கை கணவரிடம், தன் குழந்தைகள் நல மருத்துவமனையின் இணையதளத்தை ஒப்படைத்திருந்தார். அதனால் வரவேற்பு மேசை அக்காவிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். ஒருத்தராவது தன்னைப் புரோகிராமர் என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"ஒண்ணுமில்ல மச்சான். இப்பல்லாம் பேர்ல இதயம், நட்சத்திரம்னு படம் போடறாங்க. பேரெல்லாம் சேர்த்து வைக்கிற நம்ம டேபிள்ல ஒரு எழுத்துக்கு மூணு பைட்தான் இடம். படத்துக்கு நாலு வேணும். இடம் பத்தாம நாலு கேள்விக்குறியாப் போயிடுது. எண்ணிப் பாருங்க, சரியா நாலு."

டாக்டர் எண்ணிப் பார்த்தார். நாலுதான்.

"பன்னெண்டு மணிக்குப் பங்குதாரங்க வராங்க. இதைப் பார்த்தா வெளிக் கம்பெனிகிட்ட கொடுன்னுவாங்க. என்னால தடுக்க முடியாது. அப்புறம் தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்றது?"

மாப்பிள்ளை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்தம்மா அங்கதானே உட்கார்ந்திருக்காங்க? பேரைக் கேட்டுட்டு வந்துடட்டுமா?" என்றார் அக்கா.

"வேணாங்க்கா. நம்ம ஓட்டையை நாமளே போய்ச் சொல்லணுமா? பத்து நிமிஷம் பொறுங்க."

"சரியாகற வரைக்கும் அவங்களைக் கூப்பிடாதீங்க. கேள்விக்குறின்னா கூப்பிடறது?" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

எழுத்துக்கு நாலு பைட் என்று மாப்பிள்ளை மாற்றினார். கணினி முடியாது என்றுவிட்டது. பெயரைச் சட்டென்று தேடிப் பிடிக்க ஓர் இண்டெக்ஸ் வைத்திருந்தார். புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அந்த மாதிரி. அதில் ஒரு பெயருக்கு எழுநூற்று அறுபத்தேழு பைட்டுக்கு மேல் இடமில்லை. இவரோ பெயருக்கு இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்து என்று தாராளமாக விட்டிருந்தார். மூன்றால் பெருக்கினால் இரண்டு பைட் மிஞ்சும். நாலால் பெருக்கினால் ஆயிரத்தைத் தாண்டும்.

எழுத்தைக் குறைத்தால் போயிற்று என்று நூற்றுத் தொண்ணூற்றொன்றில் வெட்டினார்.

ஐந்தாவது நிமிடம் அக்கா வந்து நின்றார். "மூணாம் நம்பர் பையனோட அம்மா, பேருக்குப் பின்னாடியே ஒரு நீளக் குறிப்பு எழுதியிருந்தாங்க. இப்ப 'ஊசி போடும்போது அப்பா உள்ளே வந்தால்'னு பாதில நிக்குது. வந்தா என்ன ஆகும்னு காணோம்."

டாக்டரின் அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. தொடர்ந்து ஏதோ தட்டு விழுந்து உருண்டது.

"அப்பா வந்துட்டாரு போல" என்றார் அக்கா.

மாப்பிள்ளை காப்புப் பிரதியிலிருந்து பழைய நீளத்தை மீட்டார். பெயர் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும், இண்டெக்ஸில் முதல் பத்து எழுத்து மட்டும் ஏறினால் போதும் என்று மாற்றினார். கணினி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்திருக்கக் கூடாது. பெயரில்லாமல் யாரும் பதிய முடியாது, ஒரே வீட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது என்று அவர் இரண்டு காவல் போட்டிருந்தார். இரண்டாவது காவல் இந்த இண்டெக்ஸை நம்பித்தான் நின்றது.

"ரெட்டைக் குழந்தைங்க வந்திருக்காங்க" என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் முதல் பத்து எழுத்து ஒண்ணு, வால்தான் வேற. ஒருத்தி ஏற்கெனவே இருக்கான்னு இன்னொருத்தியைச் சேர்க்க மாட்டேங்குது. எந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பட்டும்?"

இண்டெக்ஸையே தூக்கி எறிந்தார். இரட்டையர் இருவரும் உள்ளே வந்தார்கள். ஆனால் ஒரு பெயரைத் தேட, கணினி இப்போது பத்து வருடத்துக் குழந்தைகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டியது. வரிசை வாசலைத் தாண்டியது. ஒரு குழந்தை அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, கூடமே அதிர்ந்தது. ஏழாம் டோக்கன் அம்மா மட்டும் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

மணி பதினொன்றரை. பாவம், மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வேலை போனால் போகிறது, வேலை கிடைத்த அன்று வாசல்வரை வந்து வழியனுப்பிய மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வேறு வழி தோன்றாமல் கையேட்டை எடுத்து, முதல் தடவையாக, பொறுமையாகப் படித்தார். சேமிக்கும் முறையைப் புதிதாக மாற்றினால் இண்டெக்ஸுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பைட் கிடைக்குமாம். ஒரே வரிதான். மாற்றினார். நாலு பைட், முழு நீளம், இண்டெக்ஸ் எல்லாமே இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தன. தன் பெயரோடு ஓர் இதயத்தைப் போட்டுப் பார்த்தார். சிவப்பாக வந்தது.

பங்குதாரர்கள் வரவும் அது வரவும் சரியாக இருந்தது.

"இவர்தான் நம்ம புரோகிராமர்" என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது.

பழைய பெயர் போனது போனதுதான், அதை மட்டும் மறுபடி வாங்கிப் போட வேண்டும். எல்லோரும் பார்க்க, ஏழாம் டோக்கன் அம்மாவிடம் கைக்கணினியைப் பணிவாக நீட்டினார்.

"காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்கம்மா. குழந்தை பேரை, முதல்ல எப்படிப் போட்டீங்களோ அப்படியே போடுங்க. இப்பச் சரியா வரும்."

அந்த அம்மா நிதானமாக நாலு தடவை தட்டினார். எல்லோரும் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாலு கேள்விக்குறி.

"அப்படியேதான் போட்டிருக்கேன் தம்பி" என்றார் அவர். "இன்னும் பேரு வைக்கல. எதையாவது போடலைன்னா உள்ளயே விடமாட்டேங்குதே."