ஞாயித்துக்கிழமைத் தூண்டிலுக்கு என்ன மதிப்பு

ஒரு காட்டுல, அதாவது புலி உறுமுற காடு இல்ல, காலை வச்சா முழங்கால் வரைக்கும் சேறு இழுக்குற அலையாத்திக் காட்டுல, சவரிமுத்துன்னு ஒரு நீர்நாய் இருந்துச்சு. ஆறு கடல்ல போய்ச் சேர்ற முகத்துவாரத்துல ஒரு மணல் திட்டு. திட்டுக்குப் பின்னாடியே அதோட வளை.

கவனிங்க, சவரிமுத்துவுக்குத் தூண்டிலே தேவையில்ல. தண்ணிக்குள்ள பாஞ்சா வாயில மீனோடதான் வெளிய வரும். வாரத்துல ஆறு நாள் அப்படித்தான் குடும்பம் ஓடிச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மூங்கில் தூண்டிலை எடுத்துக்கிட்டு, நாகரிகமா வாலைச் சுருட்டித் திட்டுல உக்காந்துக்கும். கேட்டா, வாயால புடிச்சா அது சாப்பாடு, தூண்டில்ல புடிச்சா அது பொழுதுபோக்குன்னு சொல்லும்.

புடிக்கிறதும் ஒரே மீன்தான். ராக்கினின்னு ஒரு வயசான கொடுவா. கொக்கியில இருக்குற இறாலைப் பதமா உருவித் தின்னுட்டு, தலையை மேல நீட்டி, கடல் பக்கத்துச் சேதி எல்லாத்தையும் சொல்லிட்டு இறங்கிப் போயிடும். யார் வீட்டுக் குஞ்சு யாரோட ஓடிப்போச்சு, எந்த நண்டு எந்தப் பொந்தை அமுக்கிச்சு, எல்லாம். நாப்பது வருஷமா இதுதான் நடந்துச்சு. இது இல்லாத வாரத்தைச் சவரிமுத்து வாரம்னே ஒத்துக்காது.

அந்தத் திட்டு மேல ஒரு காட்டுப்பன்னிக்குக் கண்ணு. அங்க இறால் பண்ணை போடணும்னு சிங்கராஜாகிட்ட மனு குடுத்துச்சு. ராஜா நியாயஸ்தன். எடுத்தோம் கவுத்தோம்னு முடிவு பண்ணல. பண்ணையால காட்டுக்கு எவ்வளவு மதிப்பு, பொழுதுபோக்கு மீன்பிடியால எவ்வளவு மதிப்பு, எது பெருசோ அதுக்குத்தான் திட்டுன்னு சொல்லிட்டு, மதிப்பீட்டு அதிகாரி நரி தணிகாசலத்தை அனுப்பி வச்சுது.

நரி வந்துச்சு. கழுத்துல அடையாள அட்டை, கையில பன்னெண்டு பக்கப் படிவம்.

"எங்கேருந்து வர்றீங்க?"

சவரிமுத்து திரும்பித் தன் வளையைக் காட்டிச்சு.

"தூரம்?"

"பதினோரு எட்டு. மழை பேஞ்சிருந்தா வழுக்கிக்கிட்டு வந்துடுவேன், ஒம்போது."

நரி எழுதிக்கிச்சு. போக்குவரத்துச் செலவு இல்லை. தூண்டில் தானே வெட்டினது. இறால் தானே புடிச்சது. சாப்பாடு வீட்டுல. தங்குற செலவு இல்லை. புடிச்ச மீனோட சந்தை விலை என்னன்னு கேட்டுச்சு. மீனை விட்டுடுவேன்னு சவரிமுத்து சொன்னதும், ரெண்டு பக்கத்தை மொத்தமா அடிச்சிடுச்சு.

கடைசிக் கேள்வி. இந்தத் திட்டுல உக்கார அதிகபட்சம் எவ்வளவு குடுப்பீங்க?

"என் வீட்டு வாசல்ல உக்கார நான் யாருக்குங்க குடுக்கணும்?"

நரி, 'குடுக்க விருப்பமில்லை'ன்னு எழுதிக் கூட்டிப் பாத்துச்சு. பூஜ்யம்.

நாப்பது வருஷமா வர்றேனேன்னு சவரிமுத்து தழுதழுத்துச்சு.

"அதையும் பெருக்கிட்டேங்க. பூஜ்யத்தை நாப்பதால பெருக்கினா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். நான் என்ன பண்ணட்டும்?"

அந்த நேரம் பாத்து மலைக்காட்டுலேருந்து கரடி துரைராஜ் வந்து இறங்கிச்சு. நானூறு மைல். ரெண்டு யானை மாறி வந்திருந்துச்சு. கறுப்புக் கண்ணாடி, மூணு வெளியூர் தூண்டில், ஐஸ் பெட்டி, குடை புடிக்க ஒரு குரங்கு. மூணு நாள் உக்காந்து மொத்தம் ரெண்டு தடவை வீசிச்சு. முதல் தடவை கொக்கி குரங்கோட வால்ல மாட்டிச்சு. ரெண்டாவது தடவை தன் தொப்பியையே புடிச்சுது. மிச்ச நேரமெல்லாம் குறட்டை.

நரிக்குச் சந்தோஷம் தாங்கல. கரடி பண்ண செலவையெல்லாம் கூட்டினா ஒரு வருகைக்கு நாப்பத்தி ரெண்டாயிரம் ரூபாய் மதிப்பு. இப்படி வருஷத்துக்கு ஒரு நாப்பது உருப்படி வந்தா பண்ணை தோத்துடும்னு சொல்லிச்சு. சவரிமுத்து மூஞ்சியைப் பாத்து அதுக்கே மனசு கேக்கல. மெதுவா பக்கத்துல வந்து, "அண்ணே, உங்க ஆசையில குறையே இல்ல. உங்க வீடுதான் பிரச்சினை. ரொம்பப் பக்கத்துல இருக்கு. மறு கணக்கு அடுத்த வருஷம் மழை முடிஞ்சப்புறம்தான்"னு காதைக் கடிச்சிட்டுப் போச்சு.

சவரிமுத்து முதல்ல ஒரு குறுக்கு வேலை பாத்துச்சு. ஞாயித்துக்கிழமை வளையோட பின்வாசல் வழியா கிளம்பி, காட்டையே ஒரு சுத்து சுத்தி, நாக்குத் தள்ளத் திட்டுக்கு வந்துச்சு. நரி ஒத்துக்கல. இருக்குறதுலயே கிட்ட வழி எதுவோ அதைத்தான் எடுப்பாங்களாம். பதினோரு எட்டு.

அப்புறம்தான் அந்த முடிவுக்கு வந்துச்சு. மலைக்காட்டுக்குக் குடி போயிடுறது.

பொண்டாட்டி பாக்கியம் மூட்டையைக் கட்டிக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "மீனு புடிக்கிறதுக்காக மீனே இல்லாத ஊருக்குப் போறோம். சரிதானே, நான் ஒண்ணும் தப்பா புரிஞ்சுக்கலயே?"

தப்பே இல்லன்னு சவரிமுத்து சொல்லிச்சு. சொல்லிட்டு, அங்க இருந்த மத்த நாப்பது நீர்நாய்க் குடும்பத்தையும் பேசிக் கரைச்சு, கையோட கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு.

மலையில தண்ணின்னா ஒரு தொட்டி. முறை வச்சுக் குளிக்கணும். எல்லாரும் துரைராஜோட தேன் கிடங்குல வேலைக்குச் சேந்தாங்க. வருஷம் பூரா தேன் சுமந்து யானைக்கட்டணம் சேத்து, வருஷத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர்னு முறை போட்டுக் கடலுக்கு வந்து போனாங்க. மழை முடிஞ்சு நரி கணக்குப் போட்டுச்சு. தொகை பதினேழு லட்சத்துக்கு மேல ஏறிடுச்சு. பன்னியோட மனு தள்ளுபடி. திட்டுல, 'உயர் மதிப்புப் பொழுதுபோக்கு மீன்பிடித் தலம்'னு பலகை நட்டு ராஜாவே வந்து திறந்து வச்சுது. பக்கத்துல மீன் புடிக்கிறவங்க யாரும் இல்லாததால கூட்டமும் இல்ல.

அடுத்த வருஷம் சவரிமுத்து முறை வந்துச்சு. ரெண்டு யானை மாறி, இடுப்பு ஒடிஞ்சு வந்து சேந்துச்சு. தங்க இடம் தேடினா, குடை புடிச்ச அந்தக் குரங்கு ஒரு விடுதி நடத்துது. 'கடல் பாக்குற அறை'ன்னு போர்டு. உள்ள போய்ப் பாத்தா சவரிமுத்துவோட பழைய வளை. பாக்கியம் சமைச்சப்ப படிஞ்ச கரி கூடச் செவுத்துல அப்படியே இருக்கு. அதுக்குத் தனி வாடகை, பழமைக்காகவாம். சவரிமுத்து எண்ணிக் குடுத்துட்டு ரசீது வாங்கிக்கிச்சு.

பதினோரு எட்டு நடந்து திட்டுல உக்காந்து தூண்டிலைப் போட்டுச்சு. ராக்கினி வரல. ரெண்டாம் நாளும் வரல. மூணாம் நாளும் சவரிமுத்து தூண்டிலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு. கிழவி செத்துருச்சு போலன்னு நினைச்சு, இறாலைச் சும்மா தண்ணியில போட்டுட்டு எந்திரிச்சுது.

நாலாம் நாள் உச்சி வெயில் ஏறுறப்ப கொக்கி ஆடிச்சு.

"எங்க போயிருந்த?"ன்னு சவரிமுத்து கேட்டுச்சு.

"இங்கதான் பாறைக்கடியில இருந்தேன்"னு ராக்கினி இறாலை மென்னுகிட்டே சொல்லிச்சு. "வந்த அன்னைக்கே நான் மாட்டிக்கிட்டா நீ மறுநாளே கிளம்பிடுவ. மூணு நாள் வாடகை போச்சு. மதிப்பு குறைஞ்சு மறுபடி பன்னி வந்து நிப்பான். கரடிக்கு நான் ஏன் மாட்ட மாட்டேங்கிறேன்னு நினைக்கிற?"

சவரிமுத்து இன்னொரு இறாலைக் கொக்கியில மாட்டிச்சு. ஒரு வருஷத்துக்கு மேல சேதி பாக்கி இருக்கு, சொல்லுன்னு கேட்டுச்சு.

ராக்கினி சூரியனைப் பாத்துச்சு. "மத்தியான யானைக்கு இன்னும் அரை மணிதான். இந்த வருஷத்துக்கு நண்டு சேதி மட்டும் சொல்றேன். மிச்சத்தைக் கேக்க நீ திரும்பி வரணும்ல. முதல்ல ஊருக்குப் போ. போனாத்தானே வர முடியும்."

நீதி: ஒரு இடத்து மேல உசுரையே வச்சிருக்கீங்களா? உடனே மூட்டையைக் கட்டிக்கிட்டு நானூறு மைல் தள்ளிக் குடி போயிடுங்க. யானை டிக்கெட்டை மட்டும் கிழிச்சுப் போட்டுடாதீங்க.