வேலாயுதம் போட்ட சுண்ணாம்புக் கோடு

ஒரு காட்டில் கதிர் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. கட்டி வாலில் வந்தாலும் வயிற்றில் வந்தாலும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சிக் கரைத்துவிடலாம் என்று கரடி டாக்டர் சொன்னார். மெஷின் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வேண்டும் அல்லவா? கூட வந்த புத்தகத்தில் ஆறு பக்கம் படித்திருந்த ஒரே பிராணி வேலாயுதம் என்னும் முள்ளம்பன்றி. ஏழாம் பக்கத்திலிருந்து கரையான் அரித்திருந்தது. அதை வேலாயுதம் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பதவி ஏற்ற அன்றே அவர் மெஷினைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் வட்டமாக ஒரு கோடு போட்டார். தம் உடம்பிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றைப் பேனாவாக்கி முதல் விதியை எழுதினார்: ‘கதிர் பட்டவர் மட்டுமே பாதிக்கப்பட்டவர். கதிர் படாதவர் பாதிக்கப்படாதவர்.’ இரண்டாவது வாக்கியம் தேவையா என்று குமாஸ்தா தேவாங்கு தயங்கித் தயங்கிக் கேட்டது. வேலாயுதத்துக்கோ அந்த இரண்டாவது வாக்கியம்தான் உயிர். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாயும்போதெல்லாம் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

பாதிக்கப்பட்டவர் பட்டியலில் பெயர் ஏறினால் ஆஸ்பத்திரி வேலிக்குள்ளே இடம், மூன்று வேளைக் கஞ்சி, தைலம், எல்லாம் உண்டு. பெயர் ஏறாதவருக்குக் காடு இருக்கிறது. ஒரு நோயாளியின் பக்கத்து வளையில் குடியிருந்த மூஞ்சூறு, தன் மீசை கொட்டுகிறது என்று மனுக் கொடுத்தது. வேலாயுதம் அதன் மேல் ‘மனப்பிரமை’ என்று எழுதினார். மூஞ்சூறு விடவில்லை, பன்னிரண்டு மனுக் கொடுத்தது. நாலாவது மனுவுக்கே கை வலித்ததால் அந்தச் சொல்லுக்கு அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார்.

இப்படி இருக்கையில் அவருடைய பக்கத்து வளை அலமேலுவுக்கு வாலில் கட்டி வந்தது. அலமேலு ஓர் அழுங்கு; உடம்பெல்லாம் செதில், சாப்பாடு கரையான். இரண்டு வளைக்கும் நடுச்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. காலையில் தண்ணீர்க் குவளை அதன் வழியாகப் போய்வரும், ஊர்வம்பும் போய்வரும். வேலிக்குள் தங்காமல் வளையிலிருந்தே பத்து நாள் போய்வந்து கதிர் வைத்ததில் அலமேலுவின் கட்டி கரைந்தது. பதினோராம் நாள் வேலாயுதத்தின் முள் கொட்ட ஆரம்பித்தது.

முதலில் வயசு என்று நினைத்தார். பிறகு ஒருநாள் ஓடைப் பக்கம் செந்நாய் ஒன்று எதிர்ப்பட்டது. வழக்கம்போல முதுகைத் திருப்பிச் சிலிர்த்துக் குலுக்கினார். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கே செந்நாய் நாலடி பின்வாங்கும். அன்று மூன்றே முள் டக் டக்கென்று மோதின. செந்நாய் உட்கார்ந்து அவரை ஆர்வமாகப் பார்த்தது. உயிர் போய்விடும் என்று முதல்முறையாகப் பயந்து, வேலாயுதம் தாம் அதிகாரி என்பதையும் மறந்து ஓடினார்.

கரடி டாக்டர் அவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்றார்.

“கதிர் பட்ட செல் சும்மா இருக்காதுய்யா. பக்கத்துச் செல்லுக்குச் சேதி அனுப்பும். கதிரே படாத அதுவும் அந்தச் சேதியில நொந்துபோகும். உடம்புக்குள்ள நடக்கிறது நம்ம காட்டுல வளைக்கு வளை நடக்குதுபோல. ஏழாம் பக்கத்துல இருக்குமே, படிக்கலையா?”

வேலாயுதம் தரையைப் பார்த்தார். வளைக்குத் திரும்பி அலமேலுவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளும் தரையைப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தை அரித்த கரையானையெல்லாம் தின்றது தான்தான் என்றும், அப்போது ருசியாகத்தான் இருந்தது என்றும் மெல்லச் சொன்னாள்.

மறுநாள் வேலாயுதம் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோனார். அவரே வடிவமைத்த படிவம். தேவாங்கு அதை நிதானமாக, மிக நிதானமாகப் பார்த்தது.

“நாலாம் கட்டம் காலியா இருக்கே சார். கதிர் பட்ட தேதி.”

“படலையேப்பா.”

“அப்ப சார் பாதிக்கப்படாதவர்.”

அவர் எழுதிய இரண்டாவது வாக்கியம் அவர் வாசலிலேயே வந்து நின்றது. இருந்தாலும் சாருக்காகப் பாதுகாப்பு அதிகாரியின் கருத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, தேவாங்கு மனுவை எடுத்துக்கொண்டு வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி வந்து, வேலாயுதத்தின் மேசையிலேயே அதை வைத்தது.

இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு தவித்தார். சரி என்று எழுதினால் விதி தப்பு என்று ஆகும். பன்னிரண்டு மனுவையும் தோண்டி எடுத்து மூஞ்சூற்றின் முகத்தில் எப்படி விழிப்பது? மூன்றாம் நாள் ஸ்டாம்பை எடுத்துத் தம் மனுவின் மேல் கோணாமல் குத்தினார்: மனப்பிரமை. தன் மனு என்றும் பார்க்காத நேர்மை என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன ஜென்மம் நான் என்று அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டார். அதில் இன்னும் இரண்டு முள் விழுந்தது.

செந்நாய் இப்போது அவர் வளை வாசலிலேயே வந்து உட்கார ஆரம்பித்தது. வேறு வழி தெரியவில்லை. ஒரு காலையில் கொல்லைப்புறமாக ஓடிப்போய், தாம் போட்ட கோட்டைத் தாமே தாண்டி, மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எழுந்து வந்து நாலாம் கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டார். அரை மணியில் பெயர் பட்டியலில் ஏறியது. வேலிக்குள் இடம் கிடைத்தது, கஞ்சி கிடைத்தது. உடம்பில் மிச்சம் ஒரே ஒரு முள்.

அலமேலு தினமும் வந்து வேலி இடுக்கில் கையை விட்டுக் கிழங்கு கொடுத்தாள். தண்ணீர்க் குவளையும் பழையபடி போய்வந்தது. பத்தாம் நாள் அவள் கையிலிருந்து ஒரு செதில் கழன்று அவருடைய கஞ்சியில் விழுந்தது.

“ஒண்ணுமில்லண்ணே, வெயில்தான்” என்றாள் அலமேலு.

மறுநாள் நாலு செதில் போயிற்று. வாசல் மாற்றிய செந்நாய் அவள் வளைக்கு எதிரே உட்கார்ந்தது. அவள் மனு எழுதினாள், நாலாம் கட்டத்தை வெறுமையாக விட்டாள். கதிர் வைத்த பழைய தேதி கட்டி கரைந்ததோடு செல்லாமல் போயிருந்தது.

வேலாயுதம் வாய்விட்டு அழுதார். தம்மால்தான் என்று அழுதார். பிறகு கடைசி முள்ளைத் தாமே பிடுங்கி எழுதினார்: ‘முதல் விதி தவறு. அதை எழுதியவன் முட்டாள். கதிர் படாதவரும் பாதிக்கப்படுவர். அலமேலுவையும் மூஞ்சூற்றையும் உடனே சேர்க்கவும்.’

தேவாங்கு அதை இருமுறை படித்தது. அதன் பெரிய கண் கலங்கியது.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா நீங்க இப்ப பட்டியல்ல இருக்கீங்க. நோயாளி சொல்றதை அதிகாரி கருத்தா எப்படி எடுத்துக்கிறது?”

“அப்ப அதிகாரி யாருப்பா?”

தேவாங்கு வெட்கத்தோடு கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டியது.

“நாலு பக்கம் படிச்சிருக்கேன் சார்.”

சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டாம்பை எடுத்தது. நல்ல ஸ்டாம்ப், வேலாயுதமே செய்தது, எழுத்து இன்னும் தேயவில்லை.

அலமேலு சண்டை போடவில்லை. மனுவை மடித்து வைத்துக்கொண்டு, மெஷின் அறையை நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். எட்டு மணி என்றது தேவாங்கு. அவள் ஏழரைக்கே போய்விட்டாள். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, மீசை இல்லாமல், மூஞ்சூறு அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

நீதி: அடி விழுவதாக இருந்தால் உங்கள் மேலேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் விழுந்த அடி உங்களுக்கு வலித்தால் அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.