பதினைந்து ஆம்பியர் தாய்மாமன்

இனி இந்த வீட்டுக் காருக்கு எது வந்தாலும் ஒர்க்ஷாப் வாசலை மிதிப்பதில்லை, நானே பார்ப்பேன். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு பத்துக்கு, ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில், பட்டு வேட்டியுடன் நின்று இந்தச் சபதத்தை எடுத்தேன்.

வீரத்தால் எடுத்த சபதம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்ஷாப் பூட்டு. மெக்கானிக் சங்கிலிப்பாண்டியின் போன் ஸ்விட்ச் ஆஃப். கார் கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினேன். கர்ர்ர் கர்ர்ர் என்று தொண்டையைச் செருமியது. மேடையேறிவிட்டுப் பேச்சு மறந்தவன் மாதிரி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் காதுகுத்து. என் கடைசித் தங்கச்சி செல்வலட்சுமியின் மகள், பதினோரு மாதக் குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். எனக்கு ஸ்பேர் கிடையாது.

சீர்த் தட்டுகளோடு வெளியே வந்தாள் என் மனைவி வெங்கடேஸ்வரி.

"என்னங்க, தொண்டை கட்டிருச்சா?"

"எனக்கா?"

"வண்டிக்கு."

"ஃபியூஸ் போயிருக்கும்."

"எந்த ஃபியூஸ்?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்."

"எங்க பாப்பீக?"

நான் காரைப் பார்த்தேன். கார் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ஆட்டோவுக்குச் சொல்லவா?"

"தாய்மாமன் ஆட்டோவுல போய் எறங்குனா வேல்பாண்டி என்ன நெனைப்பான்?" வேல்பாண்டி என் தங்கச்சி புருஷன். கார்களைப் பற்றி அவனிடம் நான் ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறேன். ஓட்டியதைவிட அதிகமாகப் பேசியிருக்கிறேன்.

"அப்ப செத்த நகருங்க. என்னன்னு நான் பாக்கேன்."

இதுதான். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எட்டு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை.

பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு, எட்டு மாதம் முன்னால்தான் ஊர் திரும்பினேன். ஒரு கம்பெனியில் வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் நம்பர் போடுகிற வேலை. கம்பெனி பஸ்ஸில் போனேன், கம்பெனி பஸ்ஸில் வந்தேன். அந்த நேரத்தில் இங்கே வெங்கடேஸ்வரி டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, கார் வாங்கி, நாலு வருஷம் ஓட்டியும் விட்டாள். வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவனுக்கு வீட்டில் ஒரு நாற்காலி வேண்டும். கேஸ் எப்போது புக் பண்ணுவது, தண்ணீர் எந்த நாள் திறந்துவிடுவார்கள், எந்தச் சொந்தக்காரர் யாரோடு பேசுவதில்லை... எல்லா நாற்காலியிலும் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருப்பது.

"ஆம்பளை ஊர்ல இருக்கையில பொம்பளை ஓட்டுனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டேன். "இண்டிகேட்டருக்குப் பதிலா வைப்பரைப் போட்டுக்கிட்டு நீங்க திரும்புறது ரொம்ப நல்லாருக்கு" என்றாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை சாவி கேட்பாள். நானும் தினமும் "பாப்போம்" என்பேன்.

இன்றைக்கு முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"பந்தயம். ஒம்போது மணி வரைக்கும் என் நேரம். அதுக்குள்ள நான் வண்டியக் கெளப்பிட்டா, இனிமே நீ இந்தச் சாவியக் கேக்கவே கூடாது."

"கெளப்பலைன்னா?"

"அதுக்குப் பொறவு உன் நேரம். நீ கெளப்பிட்டா சாவி உனக்கு."

"சரி" என்றாள். கடைக்காரர் விலையைக் குறைத்ததும் பையை நீட்டுகிறவர்கள் சொல்கிற சரி.

முதலில் புத்தகம். கார் கம்பெனி கொடுத்தது, முந்நூறு பக்கம். நான் இரண்டு மொழியில் படித்தவன். அது மூன்றாவது ஒரு மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே, வலது பக்கம் என்று மட்டும் புரிந்தது. கீழே என்றால் மல்லாக்கப் படுத்துத் தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தால் தெரிகிற கீழே. படுத்தேன். மீதி நான் கதவுக்கு வெளியே தெருவில் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"இது ஆரு காலு?" என்று ஒரு குரல் கேட்டது.

பக்கத்து வீட்டு வைகுண்டராஜ் சித்தப்பா. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவம்தான் ஓய்வு கொடுத்தது, அவர் இன்னும் எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் காலுதான் சித்தப்பா" என்றாள் வெங்கடேஸ்வரி.

"ஏலே, பட்டு வேட்டியோட அங்க என்னத்தத் தேடுதே?"

"ஃபியூஸ் சித்தப்பா" என்றேன் உள்ளே இருந்து.

"ஃபியூஸா! நாங்க லடாக்குல சிகரெட் டப்பா வெள்ளித்தாளச் சுத்தி லாரியவே ஓட்டிட்டுப் போயிருக்கோம். வீட்டுல செம்புக் கம்பி கெடக்காதா? ஒரு இழைய எடுத்துச் சுத்திச் சொருகு. வண்டி பறக்கும்."

"பறக்கும் சித்தப்பா, கூடவே பொகையும் பறக்கும்" என்றாள் அவள். "வயரு உருகக் கூடாதுன்னுதான ஃபியூஸ் உருகுது? கம்பியச் சுத்துனா அது உருகாது. வண்டிதான் உருகும்."

சித்தப்பா லடாக்கில் இருந்து பின்வாங்கி எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் சர்வீஸிலேயே அதுதான் முதல் பின்வாங்கல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப் பையில் ஒரு சாண் செம்புக் கம்பி ஏற்கெனவே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டு மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கம்பி சுற்றிச் சொருகாதவன் ஆண்பிள்ளையே கிடையாது. சத்தமில்லாமல் கம்பியைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

மூடியைத் திறந்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. ஏதோ உடைந்து கிடக்கிறது என்று வெளியே எறிந்தேன்.

"அது ஃபியூஸ் பிடுங்குற இடுக்கிங்க."

"தெரியும். கையால பிடுங்கணும்னுதான் தூரப் போட்டேன்."

கையால் பிடுங்கினேன். நகம் வந்தது. இடுக்கியை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளே இருக்கும் குட்டிக் கம்பி அறுந்திருந்தால் போனது, இல்லையென்றால் நல்லது. நல்லது. நல்லது. நல்லது. என் வாழ்க்கையில் இத்தனை நல்லதை ஒரே நாளில் பார்த்து நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. அதோடு, எதை எங்கே இருந்து எடுத்தேன் என்பதும் மறந்துவிட்டது.

"போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றது மேலிருந்து குரல். "நீங்க மூடியத் தெறந்தப்பவே."

நான் கேட்கவே இல்லை. கேட்காமலே செய்வதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம். போட்டோவைப் பார்த்து எல்லாவற்றையும் சொருகினேன். எழுந்தேன். தலை ஸ்டீயரிங்கில் இடித்து ஹாரன் அடித்தது. எதிர் வீட்டு நாய் எழுந்து வந்து பார்த்துவிட்டு, குரைக்கும் அளவுக்கு விஷயம் இல்லை என்று திரும்பிப் போய்ப் படுத்தது.

மணி எட்டு நாற்பத்தேழு.

"பேட்டரி பக்கத்துல இன்னொரு பெட்டி இருக்குமோ என்னமோ" என்று வெங்கடேஸ்வரி வானத்தைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கென்ன தெரியும்."

"அங்கதான் அடுத்துப் பாக்கப் போறேன்" என்று கம்பீரமாக ஒரு லிவரை இழுத்தேன். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தேன். பானெட் திறந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மூடியின் உள்பக்கத்தில் எறும்பு சைஸில் படங்கள். ஒன்று பெட்ரோல் பங்க் மாதிரி இருந்தது. அதற்கு நேரே நீல ஃபியூஸ், மேலே பதினைந்து என்று போட்டிருந்தது. பிடுங்கினேன்.

அறுந்திருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த அதிகச் சூட்டை இந்தச் சின்னக் கம்பி தன் மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது. தான் கருகி, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறது. யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. அடுத்தது வரும், இது குப்பைக்குப் போகும். வெயிலில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவனுக்கு இதைப் பார்த்தால்...

"எட்டு அம்பத்தஞ்சு" என்றாள்.

வாழ்க்கையை மூடி வைத்துவிட்டு ஸ்பேரைத் தேடினேன். இல்லை. கடை எல்லாம் பூட்டு. முடிந்தது. சாவி போயிற்று. நாற்காலி போயிற்று.

"போன் சார்ஜ் போடுத ஓட்டைக்கும் நீலம், பதினஞ்சுதான் இருந்துச்சு" என்றாள், மறுபடியும் வானத்திடம். "போட்டோல பாத்தேன்."

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்."

ஓடிப்போய் அதைப் பிடுங்கி இதில் சொருகினேன். சாவியைத் திருப்பினேன். கர்ர்ர்... உர்ர்ர்ம்! மணி எட்டு ஐம்பத்தெட்டு.

வைகுண்டராஜ் சித்தப்பா சல்யூட் அடித்தார். வெங்கடேஸ்வரி சிரித்தாள். "நீங்க கெட்டிக்காரருதாங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ரோட்டில் ஏறிய பிறகுதான் வந்தது. வண்டி சீராக ஓடியது, நான்தான் ஓடவில்லை. இவள் ஏன் சொன்னாள்? ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாவி அவளுக்கு. இடுப்பில் எறும்பு புகுந்த மாதிரி நெளிந்தேன்.

"ஏட்டி, நீ சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேல்ல?"

"முகூர்த்தம் முக்கியமா, சாவி முக்கியமாங்க?"

மறுக்க முடியாத பதில். அதனாலேயே பயம் கூடியது. அவளோ போனை எடுத்துத் தங்கச்சியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "செல்வா, கெளம்பிட்டோம். வண்டி படுத்துருச்சு. உங்க அண்ணன்தான் சரி பண்ணாக. மெக்கானிக்கா? எதுக்கு? அவியளே பாத்துட்டாக. ஃபியூஸ்ன்னா அவியளுக்கு அம்புட்டும் அத்துப்படி. ஆமா, ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேக்கட்டும்."

புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் வருவதற்குள் என் மார்பு சீட் பெல்ட்டை இறுக்க ஆரம்பித்தது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார்; குழந்தை அழுதது. மறு காதைக் குத்தினார், தங்கச்சி அழுதாள். சந்தனம் பூசி, மாலை போட்டு, என்னைப் பெரிய ஆளாக்கி உட்கார வைத்தார்கள். தாய்மாமனாக இருப்பதைப் போல ஒரு சுகம் கிடையாது. அது பதினொன்றே கால் வரைக்கும் இருந்தது.

வேல்பாண்டி காதருகே வந்தான். "மச்சான், நம்ம வேன்ல எடது பக்கத்து இண்டிகேட்டர் ஒரு மாசமா எரியல. ஃபியூஸா இருக்குமோ?"

"ஒர்க்ஷாப்புல காட்டுங்க மாப்ளே."

"ஞாயித்துக்கெழமை எந்த ஒர்க்ஷாப் தெறந்திருக்கு? அதான் நீங்க வந்திருக்கீகளே. அக்கா சொன்னாக, நீங்க கைய வச்சதும் வண்டி எந்திரிச்சிருச்சாம்."

ஸ்பீக்கரில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் புரிந்தது. சுந்தரபாண்டியத்துச் சொந்தக்காரர் தவசிமுத்துவின் லோடு ஆட்டோவில் ஹாரன் இல்லை. தேவதானத்துக்காரர் ஒருவர் காரில் வைப்பர் நிற்க மாட்டேன் என்கிறது. இன்னொருவர் டிராக்டரையே கொண்டுவந்திருந்தார். பந்தியில்கூட அவ்வளவு வரிசை இல்லை.

மூன்றாவது வண்டியின் டாஷ்போர்டுக்குக் கீழே நான் மல்லாந்து கிடந்தபோது, என் காலுக்குப் பக்கத்தில் தங்கச்சியின் குரல்.

"அண்ணே, பொம்பளையாளுக எல்லாம் பிள்ளையத் தூக்கிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு வந்துருதோம். கார் சாவியக் குடு."

"இரு, நானே ஓட்டிட்டு வாரேன்."

"நீ எப்படி வருவே? கை பூரா கரி. இங்க இன்னும் நாலு வண்டி நிக்கி. மயினி ஓட்டட்டும்."

"அவ சாவி கேக்கக் கூடாதுன்னு பந்தயம் தாயி!"

"மயினி எங்க கேட்டாக? நான்ல கேக்கேன்."

உள்ளே இருட்டில், எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. மகளுக்குக் காது குத்துகிற அன்றைக்கு, தங்கச்சி வாய்விட்டுக் கேட்டு அண்ணன் இல்லையென்று சொன்னதாக எங்கள் சாதிசனத்தில் இதுவரை ஒருத்தன் பேர் கிடையாது. முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கரிக் கையைத் தூக்கிக் காட்டினேன். தங்கச்சியே என் பையில் இருந்து எடுத்துக்கொண்டாள்.

எங்கள் காரின் சக்கரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கியர் கடிக்கிற சத்தமே இல்லாமல் அது பின்னால் வந்து, திரும்பி, நழுவிப் போயிற்று. உள்ளே எட்டுப் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு சோப்புத் தூள் போட்டுக் கையைக் கழுவினேன். பட்டு வேட்டி இப்போது என்ன நிறம் என்று சொல்ல விரும்பவில்லை. வேல்பாண்டியின் வேனில் இடது இண்டிகேட்டர் எரிந்தது. வலதுதான் இப்போது எரிவதில்லை. வாசலில் கார் நின்றது. டிரைவர் கதவைத் திறந்தேன். வெங்கடேஸ்வரி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டில் தாம்பூலப் பையும் வாழைத்தாரும்.

"எறங்கு" என்றேன் மெதுவாக.

அதற்குள் வழியனுப்ப வந்த தவசிமுத்து குனிந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, நீயா ஓட்டுதே? மாப்ளை ஓட்டலையா?"

"ஓட்டுறதுக்கு ஆரு இருந்தா என்னண்ணே? வழியில நின்னுபோச்சுன்னா எறங்கிப் பாக்க விவரமான ஆளு வேணும்ல. அவிய பின்னாடி ஓய்வா உக்காந்து வரட்டும்."

"நாயந்தான்" என்றார் தவசிமுத்து. "நாயந்தான்" என்றான் வேல்பாண்டி. வாசலில் நின்ற முப்பது பேரும் தலையாட்டினார்கள். வேல்பாண்டி எனக்காகப் பின் கதவைத் திறந்துவிட்டான், மந்திரிக்குத் திறக்கிற மாதிரி.

வண்டி வழியில் நிற்க வேண்டும் என்று ராஜபாளையம் வரைக்கும் நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை.