துணைக் கொறடா நிபுணர்

ஜனாதிபதியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவரை மன்னித்துவிடலாம். ஊரே பேசுகிறது, அவரும் பேசுகிறார். நான் சொல்ல வந்த ரகம் வேறு. ஜனாதிபதி, செனட்டர் என்றாலே இவருக்கு முகம் சுளிக்கும். "அதெல்லாம் டி.வி. பாக்கிறவங்களுக்கு" என்பார். மொன்டானா மாநில மேலவையில் துணைக் கொறடா யார், அவர் ஏன் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போனார், அவருடைய மைத்துனர் கட்சிப் பொருளாளர் பதவியை ஏன் உதறினார், இதுதான் இவருக்கு அரசியல். "என்னது, டெல்பர்ட் ஃபிங்க்கைத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, நாம் திருதிருவென விழிக்கும்போது காபியை ஒரு வாய் உறிஞ்சுவாரே, அந்தச் சுகத்துக்காகவே பிறவி எடுத்தவர்.

பென்சில்வேனியாவில் எங்கள் மில்ஹேவனுக்கு வாய்த்தவர் க்ளைட் ஹார்ப்ஸ்டர். வீட்டு நிலவறையில் மைக் வைத்து இணையம் வழியாக உலகத்துக்கு விளக்கம் சொல்வார். உலகம் என்றால் பழைய ஆபீஸ் சகாக்கள் சிலரும், அரிசோனாவில் தூக்கம் வராத ஒரு பல் டாக்டரும்.

அவர் மனைவி வெர்னா ஊர்க் கவுன்சிலுக்கு நின்றார். ஊருக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸைக் கவுன்சில்காரர்கள் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள்; வெர்னாவின் அண்ணனுக்கோ இதயம் எந்த நேரமும் மக்கர் பண்ணும். எங்கள் ஊரில் எதிர்க்கட்சி ஆள் நிறுத்துவதே இல்லை. மே மாதம் கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஜெயித்தவர்தான் கவுன்சிலர். வெர்னா வீடு வீடாக ஏறி இறங்கினார். க்ளைட்?

"என்னைப் பத்தி ஒரு நாள் உன் நிகழ்ச்சியில சொல்லேன்."

"உள்ளூர் சமாச்சாரம் வெர்னா. என் ஆளுங்க எதிர்பார்க்கிறது வேற."

"ஓட்டாவது போடுவியா?"

"இது என்ன கேள்வி? மொத ஆளா நிப்பேன்."

நின்றார். அதில் குறை சொல்ல முடியாது. தினமும் அவருக்கு முட்டை பொரித்துப் போடும் ஓட்டல்கார டார்லாதான் அன்றைக்குத் தேர்தல் ஊழியர்.

"க்ளைட், வாக்காளர் பட்டியல்ல உன் பேருக்கு நேரே கட்சி ஒண்ணும் பதிவாகலையே."

"நான்தான் எடுக்கச் சொன்னேன். விமர்சகன்னா நடுநிலையா இருக்கணும்."

"நடுநிலைக்காரங்களுக்கு இன்னிக்கு ஓட்டு கிடையாதுப்பா. கட்சிக்காரங்களுக்கு மட்டும்தான். உனக்கா தெரியாது?"

போன வாரம்தான் அயோவா, லூசியானா, ஆரிகன் மாநிலத் தேர்தல் விதிகளைப் பிட்டுப் பிட்டு வைத்தவர். சொந்த மாநிலத்து விதியைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. வெட்கக்கேடு. அப்போதாவது வாயை மூடினாரா? இந்தச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வரிசையை மறித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். வெர்னாவுக்குப் போட வந்து பின்னால் நின்ற இரண்டு பேர், வேலைக்கு நேரமாகிறதென்று திரும்பிப் போனார்கள்.

சாயங்காலம் எண்ணினால், வெர்னாவுக்கும் எதிராளிக்கும் சரிசமமான ஓட்டு. சட்டப்படி குலுக்கிப் போட்டார்கள். எதிராளி பெயர் விழுந்தது.

ஆகஸ்டில் ஆம்புலன்ஸ் போயிற்று. ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் அண்ணனுக்கு வீடு பிடித்து, கூடவே தன் பெட்டியையும் கட்டினார் வெர்னா.

"எப்ப திரும்பி வருவ?" என்றார் க்ளைட், வாசலில் நின்று.

"அந்த விஷயத்துல நான் நடுநிலை" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார் வெர்னா.

அன்றைக்கே க்ளைட் நிலவறைக்கு இறங்கி, ஓட்டு சமமானால் மற்ற மாநிலங்களில் என்ன செய்வார்கள் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். பல் டாக்டர் ரொம்பப் பாராட்டினாராம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒஹையோவில் எந்தக் கட்சி ஏன் தோற்றது என்று போன வாரம் மச்சானோடு சண்டை பிடித்தீர்களே, உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன? அட, போனைக் கீழே வையுங்கள். பார்க்காமல் சொல்லுங்கள்.